மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்குக் கிளுவை என்னும் முள்மர உயிர்வேலியா, முள்கம்பியா?

செலவு: முள்கம்பிக்குக் கல்தூண், கம்பி, கூலி எல்லாமே காசு. கிளுவைக்குப் பக்கத்து வேலியில் வெட்டிய போத்தும் (நடுவதற்கான கிளைத்துண்டு) ஆள்கூலியும் போதும்.

காலம்: கம்பி சில நாளில் நிற்கும், பிறகு துருப்பிடிக்கும். கிளுவை அடர 3, 4 வருடமாகும். கவாத்து செய்துவந்தால் தலைமுறை தாண்டும்.

நடவு: ஐப்பசி மழைக்கு முன் 4 அடிப் போத்தை அரையடி இடைவெளியில் முக்கால் அடி ஆழம் ஊன்றி, மண்ணை மிதித்து இறுக்குங்கள். ஆடினால் வேர் பிடிக்காது. தண்ணீர் தேங்கினால் அடி அழுகும்.

உயிர்கள்: கம்பியில் கரிச்சான் குருவி உட்காரும், அவ்வளவுதான். கிளுவையடியில் தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறிப் பூச்சி தேடும். கௌதாரி குஞ்சுகளோடு பதுங்கும். சூரை, சங்கஞ்செடி தானாக முளைத்தால் விட்டுவிடுங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குங்கள். விடிந்ததும் கால்மணி நேரம் வேலியோரம் நடந்து பறவைகளை எண்ணிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

உடனே மேய்ச்சல் விடவேண்டியவர்கள் கம்பி கட்டி, அதன் ஓரமாகவே போத்து ஊன்றலாம். அவசரமில்லையென்றால் கிளுவைதான்.