கோல் ஈட்டியா, துப்பாக்கியா: சட்டம் எதை விடும்?

பொழுதுபோக்குக்கு மீன் குத்தப் போகிறவர் கடையில் கேட்பது விலையையும் ஈட்டி எட்டும் தூரத்தையும்தான். சட்டம் கேட்பது வேறு: ஈட்டியைப் பாய்ச்ச இழுத்த ரப்பரைப் பிடித்து நிறுத்துவது கையா, துப்பாக்கி விசையா?

கோல் ஈட்டியில் கைதான். பின்முனை ரப்பர் வளையத்தைக் கட்டைவிரல் இடுக்கில் மாட்டி, கோலை முன்னால் எட்டிப் பிடித்து, இறுக்கியபடியே மீனை நெருங்க வேண்டும். சில விநாடிகளில் முன்கை நடுங்கும். பிடியைத் தளர்த்தினால் ஈட்டி பாயும். ஹவாயன் ஸ்லிங்கும் இதே இனம்; உண்டிவில் மாதிரி இழுத்து விடுவது. மீன் குத்தும் துப்பாக்கியிலோ ஈட்டித் தண்டு ‘டக்’கென்று விசையில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் நிதானமாகக் காத்திருக்கலாம்.

அந்த ‘டக்’தான் வினை. பஹாமாஸில் விசை வைத்த துப்பாக்கிக்கு இடமே இல்லை. கோலும் ஸ்லிங்கும் மட்டும்தான். இத்தாலி துப்பாக்கியை விடுகிறது, ஆனால் நிபந்தனைகளோடு: 16 வயது ஆகியிருக்க வேண்டும், பகலில் மட்டும், தண்ணீருக்கு வெளியே நாண் ஏற்றி வைக்கக் கூடாது. காற்றழுத்தத் துப்பாக்கிக்கு பிரான்ஸ் வைத்திருக்கும் விதி எனக்குப் பிடித்தது: அழுத்தம் உங்கள் உடல் வலுவில் ஏறியிருந்தால் சரி, வாயுக் குப்பியிலிருந்து வந்தால் கூடாது.

கையில் எது இருந்தாலும் முதுகில் சிலிண்டர் ஏறினால் கதை மாறுகிறது. இத்தாலி, பிரான்ஸ், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து எல்லாம் மூச்சடக்கி முக்குளிப்பவருக்கே அனுமதி தருகின்றன. பிரான்ஸில் சிலிண்டரும் துப்பாக்கியும் ஒரே படகில் சேர்ந்து கிடந்தாலே பொதுவாகக் குற்றம். அமெரிக்காவின் ஃபுளோரிடா ஸ்கூபாவோடு, அதாவது முதுகுச் சிலிண்டரோடு, குத்த விடுகிறது. வெளிவிடும் மூச்சையே சுத்திகரித்துத் திருப்பித் தரும் ரீபிரீதரை மட்டும் பொதுவாக விடுவதில்லை. குமிழி வராத ஆளை மீன் எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு என் ஓட்டு கோல் ஈட்டிக்கு. பெரிய மீனுக்குத் துப்பாக்கிதான் கெட்டி, மறுக்கவில்லை; ஆனால் ஊர் மாறினால் முதலில் மாட்டுவதும் அதுதான். மாலத்தீவுக்குப் போகிறவர் இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். அங்கே ஈட்டியால் மீன் பிடிப்பதே தடை, துப்பாக்கி சுங்கத்தையே தாண்டாது.