சோப்பா, ஹேண்ட் ரப்பா, கையுறையா?

வார்டில் ஒரு நர்ஸ் மணிக்கு இருபது முறை கையைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோப்பும் தண்ணீரும் என்றால் ஒவ்வொரு முறையும் 40 முதல் 60 விநாடி ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாஷ்பேசின் வரை நடப்பதையும் சேர்த்தால் மணிக்கு இருபது நிமிடம் அதற்கே போய்விடும். நோயாளியை யார் பார்ப்பது? தண்ணீர் இல்லாமல் கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் ஹேண்ட் ரப்புக்கு 20 முதல் 30 விநாடி போதும், பாட்டிலும் கட்டில் பக்கத்திலேயே இருக்கும். வார்டு வேலைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் மருத்துவர் டிடியே பித்தேயின் குழு இதைச் செய்து பார்த்தது. 1994-ல் தேவையான நேரத்தில் கை சுத்தம் செய்தது 48 சதவீதம்தான். 1997-ல் அது 66 சதவீதம் ஆனது. மருத்துவமனையில் தொற்று பிடித்த நோயாளிகள் 1994-ல் 16.9 சதவீதமாக இருந்து 1998-ல் 9.9 சதவீதமாகக் குறைந்தார்கள். சுவரொட்டிகளுக்கும் கண்காணிப்புக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் சோப்பு போட்டுக் கழுவுவது ஏறக்குறைய அதே அளவில்தான் இருந்தது, கூடியது ஹேண்ட் ரப் பயன்பாடு.

அப்படியானால் சோப்பை விட்டுவிடலாமா? கூடாது. கையில் ரத்தமோ மலமோ அழுக்கோ பட்டிருந்தால் கழுவித்தான் ஆக வேண்டும். கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் கிருமியின் வித்துகளை, அதாவது கடினமான உறையுள்ள அதன் உறக்க வடிவத்தை, ஆல்கஹால் கொல்லாது. தேய்த்துக் கழுவித் தண்ணீரோடு போக்குவதுதான் வழி. சோப்புக்கும் எல்லை உண்டு. பிணப் பரிசோதனை முடித்து சோப்பு போட்டுக் கழுவிய கையிலும் வாடை போகவில்லை என்பதைக் கவனித்துத்தான், 1847-ல் வியன்னாவில் மருத்துவர் செம்மல்வைஸ் குளோரின் கலந்த கரைசலில் கை கழுவச் சொன்னார். அதன்பின் அவர் வார்டில் பிரசவக் காய்ச்சல் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

எனக்குக் கவலை தருவது கையுறைதான். பார்வைக்கு அதுதான் மிகச் சுத்தம். அப்பாவுக்குத் துணையாக வார்டில் தங்கியிருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் சிறுநீர்ப் பையைக் காலி செய்த ஒருவர் அதே கையுறையோடு அப்பாவின் ட்ரிப்ஸ் குழாயைத் தொட வந்தார். "தம்பி, கையுறையை மாத்திட்டு வாங்களேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "மறந்துட்டேன்ங்க" என்று உடனே கழற்றினார், ஆனால் கையைச் சுத்தம் செய்யாமலே அடுத்த ஜோடியைப் போட்டுக்கொண்டார். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போதும் விரலில் கிருமி ஒட்டலாம். அதனால் கையுறையைப் போடும் முன்னும் கழற்றிய பின்னும் கை சுத்தம் வேண்டும். ரத்தத்திலிருந்து ஊழியரைக் காக்கக் கையுறை அவசியம்தான். கை சுத்தத்துக்குப் பதிலாக மட்டும் அதை வைக்க முடியாது.

கை வறண்டு எரிகிறது என்று ஹேண்ட் ரப்பைத் தவிர்ப்பவர்களும் உண்டு. கிளிசரின் கலந்ததை வாங்கிக் கொடுத்தால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். நோயாளிக்குத் துணையாக இருக்கிறவர்கள் கட்டில் பக்கத்துப் பாட்டிலை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். காலியாக இருந்தால் அப்போதே கேட்டு நிரப்பச் சொல்லுங்கள்.