ஜிப்சிக்கு ஹப் வாங்கப் போறவங்க இதப் படிச்சிட்டு வாங்குங்க: 14,500 ரூபாய் போச்சு

வயிறு எரிஞ்சு எழுதுறேன். பழைய மாருதி ஜிப்சி ஜீப் வச்சிருக்கிற யாரும் இந்த ஆளுகிட்ட மாட்டிடக் கூடாது.

என்னோடது 413 கிங் மாடல். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துல ஓடுற வண்டி. முன்சக்கரத்து நடுவுல இருக்கிற ஹப்போட டயலை லாக்குக்குத் திருப்பினாத்தான் ஃபோர் வீல் போடுறப்ப அந்தச் சக்கரம் இழுக்கும். இடது பக்க ஹப் இறுகிப்போய் டயல் லாக்குக்குத் திரும்பல. ரெண்டையும் ஜோடியா மாத்திடலாம்னு, ஜீப் சாமான் ஆன்லைன்ல விக்கிற ஒரு கடைக்குப் போன் போட்டேன்.

அந்த ஆள் முதல்ல விலையே பேசல. "அண்ணே, 410-ஆ 413-ஆ? ஹப்பைக் கழட்டி ஆக்ஸில் முனையில எத்தனை பல்லுன்னு எண்ணிச் சொல்லுங்க. 26 இருக்கணும். மாறிடுச்சுன்னா உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்"னான். எண்ணிச் சொன்னேன், 26 சரியா இருந்துச்சு. பச்சைத் தார்ப்பாய் மேல ஹப்பை வச்சு டயலைத் திருப்பி, டக்குனு விழுற சத்தம் கேக்குற மாதிரி ஒரு வீடியோ அனுப்பினான். "ஜப்பான் பீஸ்ணே, பெட்டி பிரிக்காதது. நானும் ஜிப்சி ஓட்டுறவன்தான், மலையில ஓட்டுறவங்களுக்கு மட்டமான சாமான் தரமாட்டேன்"னான். வித்துத் தள்ளணும்னு நினைக்கிறவன் பல்லு எண்ணச் சொல்லுவானா? அந்த ஒரு பேச்சுலதான் 14,500 ரூபாயும் போன்லயே அனுப்பினேன்.

மெக்கானிக் மாட்டினப்ப எல்லாம் சரியாத்தான் சுத்துச்சு. மழை விட்ட மறுநாள் மூட்டையும் ஆளும் ஏத்திக்கிட்டு, ஃபோர் வீல் லோ (நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்கிற கியர்) போட்டு மேடு ஏறினேன். பாதியில வலது பக்கம் கடகடன்னு சத்தம், வண்டி பின்னால சறுக்குது. முன்னால ரெண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிச்சுக் குடுக்கிறது சாதா டிஃபரென்ஷியல். ஒரு ஹப் வழுக்கினா இழுவை அந்தப் பக்கமே ஓடிடும், அடுத்த சக்கரமும் இழுக்காது. ஒரு பக்கம் பள்ளம். பின்னால உக்காந்திருந்தவர் குதிச்சு இறங்கி சக்கரத்துக்குக் கல்லு வச்சாரு.

கழட்டிப் பாத்தா உள்ள வளையத்துல பல்லு முனையெல்லாம் மழுங்கியிருக்கு. எந்த வண்டியிலயோ ஓடித் தேஞ்சது, மேல வெள்ளிப் பெயிண்ட். தண்ணி புகாம தடுக்கிற ஓ-ரிங் ரப்பர் இருக்க வேண்டிய இடத்துல வெறும் பசை. இதுக்கா 14,500?

போன் பண்ணினா "உங்க மெக்கானிக்குக்கு மாட்டத் தெரியல". அப்புறம் "கிரீஸ் அதிகம் வச்சிட்டீங்க". போட்டோ அனுப்பினேன், "ஓனர் ஊர்ல இல்ல"ன்னான். ஓனர்னு சொல்லித்தானே என்கிட்ட வித்தான்! கடைசியா "எலக்ட்ரிக்கல், ஹப் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது"ன்னு ஒரு மெசேஜ். அதோட நம்பரை பிளாக் பண்ணிட்டான். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 நம்பர்ல புகார் குடுத்திருக்கேன், 14,500 ரூபாய் திரும்ப வரும்னு நம்பிக்கை இல்ல.

எப்படிப் பாத்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், கோவத்துல ஓடல. உள் வளையத்தோட பல்லைக் கிட்டத்துல போட்டோ கேளுங்க. வெளி டயலை மட்டும் காட்டினா விட்டுடுங்க. பில் இல்லாம பணம் அனுப்பாதீங்க. மாட்டினதும் சமதரையில சுத்திப் பாத்தது போதும்னு இருக்காதீங்க, பாரம் இல்லாம ஒரு சின்ன மேட்டுல லாக் போட்டு ஏத்திப் பாருங்க. அதே பச்சைத் தார்ப்பாய் வீடியோ இப்ப வேற கடைப் பேர்ல வருது, அவனேதான்.