பேட்டரி போட்ட பிக்கப், ஆறு வருட அனுபவம்: கில்மோர் டோன் தேடுகிறவர்களுக்கு

தருமபுரி நண்பர் போன வாரம் போன் செய்தார். "கில்மோர் எண்பதுகள்ல மாட்டின மாதிரி ஆக்டிவ் பிக்கப் செட்டு இப்ப விலை இறங்கியிருக்கு, வாங்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்டார். கில்மோர் என்றால் பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர். பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் கருவி, பேட்டரியில் ஓடுவது ஆக்டிவ் வகை. அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்புதான் என் கிட்டார் ரிப்பேர் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தது. கோபம் இன்னும் ஆறாத நேரத்தில் போனில் பேசினால் நியாயமாக இருக்காது என்று நினைத்து, எழுதியே சொல்கிறேன்.

கிட்டார் சாதாரண ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வகைதான். மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) பிக்கப், ஐந்து நிலை ஸ்விட்ச், மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. சுரத்தை முரடாக்கும் ஃபஸ் ஃபேஸ் மாதிரி ஒரு பெடல், தடிப்பாக்கும் பிக் மஃப் மாதிரி ஒன்று, சின்ன ஆம்ப். கிருஷ்ணகிரியில் மாடி அறையில் இந்தக் கூட்டணியோடு எனக்கு இருந்த ஒரே தலைவலி இரைச்சல். பிக் மஃபை மிதித்தால் போதும், வாசிப்பதற்கு முன்பே ம்ம்ம்ம் என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் அறையை நிரப்பிவிடும். ஒரு நீண்ட சுரத்தை இழுத்து, அது அடங்கும் இடத்தில் மௌனம் வர வேண்டும். அந்த இடத்தில் மௌனத்துக்குப் பதிலாக ஹம் வந்து நின்றால் எவ்வளவு எரிச்சல் என்பது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அதோடு சில நாள் தந்தியைத் தொட்டால் விரலில் சுருக் என்று ஒரு கடி.

அதனால்தான் கில்மோரின் சிவப்பு ஸ்ட்ராட் என்னை இழுத்தது. 1987 ஆல்பம் காலத்திலிருந்து 1994 சுற்றுப்பயணம் வரை அவர் கையில் இருந்த அந்தக் கிட்டாரில் இஎம்ஜி கம்பெனியின் எஸ்ஏ என்ற ஆக்டிவ் பிக்கப்புகள் இருந்தன. பிக்கப்புக்குள்ளேயே சிக்னலைப் பெருக்கும் சின்ன ப்ரீஆம்ப், அதற்கு 9 வோல்ட் பேட்டரி. பெரிய மேடை விளக்குகளுக்கு நடுவே வாசிக்கிறவருக்கு ஹம் இல்லாமை எவ்வளவு நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள். நானும் அதே வகையில் ஒரு செட் வாங்கி, பெங்களூரில் ஒரு கடையில் கொடுத்து மாட்டினேன்.

முதல் நாளை மறக்கவே மாட்டேன். ஆம்ப் ஆன், பிக் மஃப் ஆன், வால்யூம் முழுக்க. சத்தமே இல்லை. கேபிள் கழன்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். பிறகு ஒரு தந்தியை வளைத்தேன், அது தடித்த, வழுவழுப்பான சுரமாக எழுந்து, அடங்கி, உண்மையான மௌனத்தில் போய் முடிந்தது. அந்தச் சுருக் கடியும் போய்விட்டது. இந்த வகைப் பிக்கப்பில் தந்திகளைக் கிரவுண்டோடு இணைக்கும் வயர் தேவையில்லை, அதனால் ஆம்பின் கசிவு விரலுக்கு வர வழியில்லை. பத்து மீட்டர் கேபிள் போட்டாலும் ட்ரெபிள் மங்காது. இதையெல்லாம் இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

தொல்லை ஒன்றரை மாதத்தில் தொடங்கியது. பேட்டரி தீர்ந்தது. புதியது போட்டேன், மறுபடி ஒன்றரை மாதம். தினம் அரை மணி நேரம்தான் வாசிக்கிறேன், கேபிளைக் கழற்றித்தான் வைக்கிறேன். ஆக்டிவ் என்றால் இப்படித்தான் போல என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். ஒரு கிறிஸ்துமஸ் இரவு சர்ச்சில் வாசிக்கும்போது சுரம் ஓரங்களில் உடைந்து கரகரக்க ஆரம்பித்தது. பேட்டரி சாகும்போது சட்டென்று நிற்காது, இப்படித்தான் நொறுங்கி நொறுங்கிச் சாகும். கடைகள் எல்லாம் மூடியாகிவிட்டது. மைக்செட் போட வந்த அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் தன் மல்டிமீட்டரின் முதுகைத் திறந்து, அதிலிருந்த 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

போன மாதம் அவரிடமே கிட்டாரைக் கொண்டுபோனேன். தட்டைக் கழற்றி ஒரு நிமிடம் பார்த்தார். "பேட்டரியோட மைனஸ நேரா கிரவுண்டுல அடிச்சு வெச்சிருக்காங்கண்ணா. பிளக்கு சொருகினாத்தானே இது ஆன் ஆகணும்?" என்றார். இந்த வகைக்குக் கேபிள் சொருகும் இடத்தில் மூன்று முனை உள்ள ஸ்டீரியோ ஜாக் போட்டு, மைனஸ் வயரை நடு முனையில் சேர்க்க வேண்டும். பிளக் உள்ளே போனால் மட்டும் சுற்று முழுமையாகும். பெங்களூர் கடைக்காரர் ஸ்டீரியோ ஜாக் போட்டிருக்கிறார், வயரை மட்டும் தவறான முனையில் வைத்துவிட்டார். இத்தனை வருடமாக என் கிட்டார் மூலையில் சாய்ந்து நிற்கும்போதும் பேட்டரி குடித்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு ஈயம், ஐந்து நிமிட வேலை. அதற்கு நான் கூலி கொடுத்து, பஸ் ஏறிப் போய் வந்து, எத்தனை பேட்டரி வாங்கியிருக்கிறேன்!

சரி, ஜாக் சரியாகிவிட்டது. இனி ஒரு பேட்டரி பல மாதம் வரும். அப்புறம் ஏன் இந்தப் புலம்பல் என்று கேட்பீர்கள். ஃபஸ் பெடலால்தான்.

கில்மோர் டோன் என்று ஒன்று இல்லை என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. 1973-ல் 'டார்க் சைடு ஆஃப் த மூன்' ஆல்பத்தின் 'டைம்' பாட்டில் கேட்பது ஃபஸ் ஃபேஸும் 100 வாட் ஹைவாட் ஆம்பும். அதில் சுரத்தின் ஓரம் மண்வெட்டி மாதிரி இருக்கும். 1979-ல் 'கம்ஃபர்ட்டப்ளி நம்ப்' கடைசி சோலோவுக்குள் பிக் மஃப் வந்துவிட்டது, தடிமன் கூடியது. ஆனாலும் மீட்டும் வில்லை தந்தியில் உரசும் அந்தக் கரகரப்பு ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் கேட்கும். 1994 மேடையில் அதே சோலோவைக் கேளுங்கள். பெரிசு, அழகு, முடிவில்லாமல் நீளுகிறது. அந்த உரசல் மட்டும் மெழுகு பூசினது போல வழுக்கிப் போகிறது. அதுவும் உயர்ந்த வாசிப்புதான், குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் நான் பதினாறு வயதில் அழுதது 1979-க்குத்தான்.

ஆக்டிவ் செட்டோடு பிக் மஃப் நன்றாகவே ஒத்துப்போகிறது. ஃபஸ் ஃபேஸ் வகை ஒத்துப்போகவே போகாது. அந்தப் பெடலின் உள்வாசலில் தடை மிகக் குறைவு. சாதாரண பிக்கப்பின் கம்பிச்சுருளும் அந்தப் பெடலும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே சுற்றாக வேலை செய்யும். கிட்டாரில் வால்யூமை 10-லிருந்து 7-க்கு இறக்கினால் முரட்டு ஃபஸ் அப்படியே உருகி, கண்ணாடி மணி மாதிரி தெளிவாகிவிடும். பெடலைத் தொடாமல், சுண்டு விரலால் மட்டும். ஆக்டிவ் பிக்கப்பில் நடுவே ப்ரீஆம்ப் நின்றுகொள்கிறது. 7-க்கு இறக்கினாலும் அதே காரம், கொஞ்சம் சத்தம் குறைந்த காரம், அவ்வளவுதான். ஆறு வருடம் அந்தப் பெடல் என் அலமாரியில் தூங்கியது. டோனைத் தேடிப் போனவன் டோனின் பாதியை அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன்.

நடுவில் வீட்டு எர்த்தையும் பார்க்கச் சொன்னேன், அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். "எர்த்து இருக்குதுண்ணா, ஈரந்தான் இல்ல" என்றார் எலெக்ட்ரீசியன். நம்ம ஊர்ப் பூமி தெரிந்ததுதானே, நாலு அடி தோண்டினால் பாறை. குழியை வேறு பக்கம் மாற்றி, கரியும் உப்பும் போட்டு, வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறோம். இப்போது சாதாரண பிக்கப் போட்டாலும் சுருக் கடி இல்லை, ஜிர்ர் என்ற சத்தமும் பெருமளவு குறைவு. தந்தி சுருக்கென்றால் பிக்கப்பை மாற்றாதீர்கள், எர்த்தைப் பாருங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது.

ஆகவே நண்பருக்கு: மேடையில், விளக்குகளுக்கு நடுவே வாசிப்பதானால் இதைவிட நல்ல பொருள் இல்லை. சத்தமில்லாமை, சஸ்டெயின் (சுரம் நீண்டு நிற்பது), நீளக் கேபிள், எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். ஆனால் பழைய ஃபஸ் டோன்தான் தேடுகிறீர்கள் என்றால் நீங்கள் வாங்க வேண்டாம். என் செட்டைக்கூட நேற்று கழற்றிவிட்டேன், பழைய பிக்கப்புகளை மைக்செட் அண்ணன் திரும்ப மாட்டிக் கொடுத்தார். கில்மோரே 2005 லைவ் 8 நிகழ்ச்சி மேடையில், 1970-ல் நியூயார்க்கில் வாங்கிய அந்தப் பழைய கறுப்பு ஸ்ட்ராட்டோடுதான் வந்து நின்றார். 2019 ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனதும் அந்தக் கறுப்புதான்.

ஹம் திரும்பி வந்துவிட்டது. ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, நாற்காலியை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு கோணத்தில் அது கிட்டத்தட்ட அடங்குகிறது. என் அறையில் அது மேற்கு ஜன்னலைப் பார்த்த கோணம். நாற்காலிக் கால்கள் இருக்கும் இடத்தில் தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிட்டாரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வாருங்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் ஃபஸ்ஸைப் போட்டு, வால்யூமை 7-க்கு இறக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் என் பழைய செட்டையே எடுத்துக்கொண்டு போங்கள், காசு வேண்டாம். ஜாக் வயரிங் மட்டும் இங்கேயே பார்த்துவிட்டுப் போங்கள்.