ரோஸ் கலர் சிலிக்கா ஜெல் ‘புது மாடல்’ என்று சொன்னால் வாங்காதீர்கள்

வேலூரில் ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்ட் தூவுகிற பேனா மாதிரி கருவி), ஸ்ப்ரே வேலை செய்கிறவர்கள் கம்ப்ரசருக்கு ஃபில்டர் வாங்கப் போகும்முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயர் வேண்டாம்.

சத்துவாச்சாரியில் மாடி ஷெட்டில் பைக் டேங்க், ஹெல்மெட்டுக்குப் படம் போடுகிறேன். நம்ம ஊர் வெயிலில் பத்து மாதம் பிரச்னையே இருக்காது, ஐப்பசி மழை பிடித்ததும் கம்ப்ரசர் காற்றில் ஈரம் ஏறி பிரஷ் தண்ணீர் துப்பும். அதற்காகத்தான் 3,400 ரூபாய் கொடுத்து வாட்டர் ட்ராப்பும் (காற்றில் வரும் தண்ணீரைப் பிடித்து வைப்பது) சிலிக்கா ஜெல் பாட்டிலும் (மிச்ச ஈரத்தைக் குடிக்கிற மணிகள்) வாங்கினேன், கடைப் பையனே வந்து மாட்டினான். பாட்டிலில் மணியெல்லாம் ரோஸாக இருந்தது. “ஏம்பா, இது நீலமா இல்ல இருக்கும்?” என்றேன். “அது பழைய மாடல் அண்ணா, இப்ப வர்றது ரோஸ்தான்” என்றான். நானும் தலையாட்டினேன். நீல மணி ஈரம் குடித்துத்தான் ரோஸாகும். அதாவது ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்த சரக்கை என் தலையில் கட்டிவிட்டான்.

மாட்டிய இடம் அதைவிட மோசம். கம்ப்ரசர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி ட்ராப். அமுக்கிய காற்று அங்கே கொதிக்கக் கொதிக்க வரும், தண்ணீர் இன்னும் ஆவியாகவே இருக்கும், ட்ராப்பில் எப்படி நிற்கும்? இட்லிப் பானையில் மூடியில் பட்டுத்தானே ஆவி சொட்டுகிறது, அதே கதைதான்: ட்ராப்பைத் தாண்டி ஹோஸில் ஆறின பிறகு தண்ணீராகி நேராக பிரஷ்ஷுக்கு வந்துவிடும்.

காட்பாடித் தம்பி ஒருவன் புல்லட் டேங்கில் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூணில் இருக்கிற யாளியைக் கேட்டிருந்தான். ஜலம் வந்தே தீர்ந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து முடித்து, கடைசியாகக் கண்ணில் கருப்பு வைக்கும்போது பிரஷ் ஒரு சொட்டு துப்பியது, கருப்பு சிலந்திக் கால் மாதிரி கன்னம் வரை பரவிவிட்டது. அதைத் திருத்தி மேல்பூச்சு க்ளியர் அடித்தால், அதை இறுக வைக்கக் கலக்கிற ஹார்டனரும் ஈரமும் சேர்ந்து மேலெல்லாம் ஊசி முனை அளவு கொப்புளம். அடிப்பூச்சு பிரைமர் வரை தேய்த்து முதலிலிருந்து போட்டேன், நாலு நாள் கூலி போச்சு.

கடைக்குப் போனால், “நீங்க கம்ப்ரசர் டேங்க்கைத் திறந்து தண்ணிய டிரெய்ன் பண்ணியிருக்க மாட்டீங்க” என்றார் ஓனர். அதில் பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன்: பத்து நாள் கழித்து அடி வால்வைத் திறந்தபோது டீ நிறத்தில் அரைச் சொம்பு துருத்தண்ணீர் வந்தது, அது என் சோம்பேறித்தனம். அதற்காக ரோஸ் ஜெல் நியாயமாகிவிடுமா? பில்லில் ‘கம்ப்ரசர் ஐட்டம்’ என்று மட்டும் எழுதியிருந்ததால் திருப்பவும் முடியவில்லை. வாங்கும்போது பொருளின் பெயரை எழுதச் சொல்லிவிடுங்கள்.

இப்போது கம்ப்ரசரிலிருந்து சுவரோரமாக 25 அடி இரும்பு பைப், லேசான சாய்வு, தாழ்ந்த முனையில் ஒரு டிரெய்ன் வால்வு, அதற்கப்புறம்தான் ட்ராப், கடைசியில் ஜெல். சாயங்காலம் டேங்க்கைத் திறந்துவிடாமல் ஷெட்டைப் பூட்டுவதில்லை.

அந்த ‘புது மாடல்’ மணியை, சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் போட்டு, மாடித் திறந்தவெளியில் மெதுவான தீயில் சூடு பண்ணினேன் (நீலத்துக்குப் போடுகிற கோபால்ட் குளோரைடு விஷம், அடுப்படிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்). கொஞ்ச நேரத்தில் நல்ல மயில்கழுத்து நீலம். வீடியோ எடுத்துக்கொண்டு போய் அந்தப் பையனிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, “அட, இது ரெண்டு கலர் மாடல் போல இருக்குண்ணா” என்கிறான்.