மூன்று படம் ஒரே டிவிடி: பாலையா ரசிகர் வாங்கலாமா?

நாயகனை மட்டும் பார்க்கப் பழைய படம் வாங்குகிறவருக்கு 'மூன்று படம் ஒரே டிவிடி' வகையில் பெரிய நஷ்டம் இல்லை. குளோசப் எப்படியும் நாயகனுக்குத்தான். குணச்சித்திர நடிகர் டி.எஸ். பாலையாவுக்காக வாங்குகிறவர் கதை வேறு. அவருடைய பாதி வேலை இன்னொருவர் வசனம் பேசும்போது, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தபடி நடக்கிறது. மட்டமான பதிப்பு முதலில் விழுங்குவது அதைத்தான்.

கணக்கு எளிது. இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி. இரண்டே முக்கால் மணி நேரப் படம் ஒன்று மட்டும் அதில் இருந்தால் நொடிக்கு ஏறக்குறைய 7 மெகாபிட் தகவல் கிடைக்கும் (இது கூடினால் படம் தெளிவாகும்). அதே தட்டில் மூன்றைத் திணித்தால் ஒலியையும் சேர்த்து 2.3 மெகாபிட்தான். அப்போது சின்னதாகத் தெரியும் முகங்கள் கட்டம் கட்டமாக உடையும், கருப்பு வெள்ளைப் படத்தின் இருட்டுப் பகுதி ஒரே சேறாகிவிடும். 'பாகப்பிரிவினை'யில் (1959) சிவாஜியின் தந்தையாக, எஸ்.வி. சுப்பையாவின் அண்ணனாக வரும் பாலையாவைப் பார்க்க இது போதாது. தம்பி குடும்பம் பிரிந்து போவதைத் தாங்கும் அந்த மனிதர் வாயைவிடக் கண்ணால்தான் அதிகம் பேசுகிறார். விசிடியோ இன்னும் மோசம்: 352க்கு 288 புள்ளிகள். இந்தக் காலத்தில் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

அடுத்தது படத்தின் அகல உயர விகிதம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. பாலையா காலமானது 1972இல். ஆக, இன்றைய அகல டிவியை இடமிருந்து வலம் முழுவதும் அடைக்கும் பாலையா படம் கண்ணில் பட்டால் சந்தேகப்படுங்கள். ஒன்று, இழுத்திருப்பார்கள், அல்லது மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள். இழுத்திருந்தால் முகம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருக்கும். தட்டு, சக்கரம் போன்ற வட்டமான பொருள் முட்டை வடிவில் தெரிந்தால் அதுதான் விஷயம். ரிமோட்டில் 4:3 என்ற பழைய, அகலம் குறைந்த விகிதத்தை வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெட்டியதற்கு மருந்து கிடையாது, படத்தின் கால் பங்கு போயே போய்விட்டது.

அந்தக் கால் பங்கில் என்ன இருந்தது? 'தில்லானா மோகனாம்பாள்' (1968) கச்சேரிகளைப் பாருங்கள். தவில்காரர் முத்துராக்குவாக பாலையா தரையில் உட்கார்ந்திருக்கிறார், தவில் மடியில். கீழே வெட்டினால் முதலில் போவது அடிக்கும் கைதான். மேடையில் தேறிய நடிகருக்கு உடம்பு முழுவதும் ஒரே கருவி. முகம் ஒன்று சொல்லும்போது கை வேறொன்று சொல்லும். 'நலந்தானா' பாட்டில் சிவாஜிக்கும் பத்மினிக்கும் நடுவே கண் பேசுவதைப் பாலையா கண்டுகொள்ளும் இடம் இரண்டும் சேர்ந்தால்தான் சுவை.

வண்ணப் படங்களில் வேறு தொல்லை. ஈஸ்ட்மன் கலர் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறும். மிச்சம் இருப்பது சிவப்பு. 'காதலிக்க நேரமில்லை' (1964) பதிப்பில் எஸ்டேட் பச்சை பழுப்பாகவும் எல்லார் முகமும் செங்கல் நிறமாகவும் இருந்தால் அது வெளிறிய திரையரங்கப் பிரதியிலிருந்து எடுத்தது. அந்தப் படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை வாங்குமுன் ஓட்டிப் பாருங்கள், நல்ல சோதனை. சத்தமும் சேஷ்டையும் நாகேஷுடையவை. சிரிப்பு வருவது எதிரே உட்கார்ந்து மெல்ல மெல்ல மிரளும் பாலையாவின் முகத்தால். அந்த முகம் தெளிவாக இல்லையென்றால் பதிப்பை அப்படியே திருப்பி வைத்துவிடலாம்.

ஒலியில் இரண்டு குறைகள். நொடிக்கு 24 சட்டகத்தில் (தனிப்படத்தில்) எடுத்த படம், பால் (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடியில் 25ஆக ஓடுகிறது. 160 நிமிடப் படம் ஆறு நிமிடத்துக்கு மேல் குறைந்துவிடும், சுருதியும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும். மற்ற நடிகர்களிடம் இது உறைக்காது. இழுத்து, நிறுத்தி, கடைசிச் சொல்லில் அமுக்கிப் பேசும் பாலையாவிடம் உறைக்கும். இன்னொன்று, இரைச்சலை நீக்குகிறேன் என்று உச்ச ஒலிகளை வழித்தெடுப்பது: 'ச', 'ஸ' எல்லாம் பஞ்சு வைத்த மாதிரி கேட்கும். லேசான இரைச்சலோடு இருக்கும் பதிப்பே மேல்.

தேர்ந்து வாங்குவதானால் 1936இல் 'சதி லீலாவதி'யில் தொடங்கிய இந்த நடிகரின் வில்லத்தனத்துக்கு 'மதுரை வீரன்' (1956) நரசப்பன். கொச்சைத் தமிழ் பேசும் சேட்டாக அவர் கலக்கும் 'தூக்குத் தூக்கி' (1954) கூடவே இருக்கட்டும். 'பாமா விஜயம்' (1967) தந்தை வேடத்துக்கு. இந்த மூன்றும் ஒரே தட்டில் கிடைத்தாலும் தனித்தனியாகவே வாங்குங்கள்.

'திருவிளையாடல்' (1965) மட்டும் எந்த விலையானாலும் நல்ல பதிப்பாக இருக்கட்டும். ஹேமநாத பாகவதரின் 'ஒரு நாள் போதுமா' பாலமுரளி கிருஷ்ணாவின் குரல். வாயசைப்பு, தொடைத்தாளம், சபையை அலட்சியமாக அளக்கும் பார்வை எல்லாம் பாலையா. புதிதாகக் கலந்த ஒலித்தடத்தைப் பழைய படத்தோடு ஒட்டிய பதிப்புகளில் இரண்டு மூன்று சட்டகம் பிசகினாலும் பிர்கா (வேகமாகச் சுழலும் குரல் அசைவு) ஓரிடமும் வாய் ஓரிடமுமாக நிற்கும். தட்டில் பழைய மோனோ (ஒற்றைத் தட) ஒலித்தடம் தனியாக இருந்தால் மெனுவில் அதைத் தேர்ந்தெடுங்கள்.