மாசி வீதி மெஸ்ஸும் காளமேகமும்

மதுரை மேல மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்த மெஸ். குறை சொல்லப் போவதால் பெயரைப் போடவில்லை. கறி தோசைக்கு முழு மதிப்பெண். அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி, மூன்றும் ஒன்றையொன்று நன்றாகப் பிடித்துக்கொண்டு, ஓரம் மட்டும் மொறுமொறுவென்று வருகிறது. மிளகு தூக்கல். எலும்புக் குழம்பைக் கேட்காமலே ஊற்றுகிறார்கள்.

ஆனால் அது வந்து சேர்வதற்குள்! "இந்தா வந்துருச்சுண்ணே" என்று சப்ளையர் தம்பி சொல்லிக்கொண்டே நம்மைத் தாண்டிப் போவார், நமக்குப் பின்னால் வந்தவர் சாப்பிட்டுக் கைகழுவி பீடாவும் போட்டிருப்பார், நாம் வெறும் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டு இருப்போம். அந்த நேரத்தில் எனக்குக் காளமேகம்தான் நினைவுக்கு வருவார். 15ஆம் நூற்றாண்டு ஆசுகவி, கேட்ட மாத்திரத்தில் பாட்டுக் கட்டுகிறவர். நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தவர், பொழுது சாயும்போதுதான் அரிசி வருகிறது, அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊரே அடங்கிவிடுகிறது, ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைக்கிறது என்று நாலே வரியில் மானத்தை வாங்கினார். தமிழில் இதைவிடக் கச்சிதமான ஓட்டல் விமர்சனத்தை நான் படித்ததில்லை. (நாகையிலாவது ஊர் அடங்கியது. மதுரையில் எது அடங்குகிறது?)

திட்டியதற்காக மட்டும் அவரைப் பிடிக்கவில்லை. சத்திரத்துக்காரர் வருத்தப்பட்டதும், அதற்குள் சோறு உள்ளே போயிருக்கும் போல, அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னாராம்: ஊரெல்லாம் அரிசி அற்றுப்போன பஞ்சத்திலும் இங்கே அரிசி வரும், உலை வைத்தால் ஊர்ப்பசி அடங்கும், இலையில் விழும் சோற்றின் வெண்மைக்கு முன் வெள்ளியே வெட்கப்படும் என்று. என் குணமும் இதேதான். பசியில் ஒரு நட்சத்திரம்தான் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருப்பேன், முதல் வாய் இறங்கியதும் அது நாலாகிவிடும். நம் வீட்டுப் பெரியப்பா ஒருத்தர் 500 வருஷத்துக்கு முன்னால் போய்ப் பிறந்துவிட்ட மாதிரி இருக்கிறது. அதுவும் கதைப்படி திருவரங்கத்து மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர், சமையலைக் குறை சொல்ல அவருக்கு உரிமை உண்டு. காதலி மோகனாங்கிக்காக வைணவத்தை விட்டுச் சைவத்துக்குப் போனவரைக் கறிக்கடைக்குள் இழுக்கிறாயே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், திட்டுவதற்குத்தான் அவரைக் கூப்பிட்டேன், சாப்பிடுவதற்கு இல்லை.

மதியச் சாப்பாட்டில் அயிரை மீன் குழம்பு கிடைக்கிற நாளில் போங்கள். மண் இல்லாமல் நன்றாக உரசிக் கழுவியிருக்கிறார்கள், புளி மட்டும் கொஞ்சம் முந்துகிறது. சுக்கா சுமார், பொரியல் பேருக்கு. அப்புறம் மோர். அதைப் பற்றி நான் எழுதவே வேண்டியதில்லை, வானத்தில் இருந்தபோது கார், தரைக்கு வந்ததும் நீர், ஆய்ச்சியர் கைக்கு வந்ததும் மோர், உனக்குத்தான் எத்தனை பெயர் என்று காளமேகமே பாடிவிட்டார். இந்த மெஸ்ஸில் அது இரண்டாவது பெயரோடே நின்றுவிட்டது.

மனுஷர் கோபத்தில் திருமலைராயன் பட்டினத்தில் மண்மாரி பெய்யவே பாடியவர் என்பார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை, மோருக்கு ஒன்று கழித்து ஐந்துக்கு நான்கு. வண்டி நிறுத்த இடமில்லை, கார்டு வாங்க மாட்டார்கள், ஜிபே உண்டு. பார்சல் மட்டும் வாங்காதீர்கள், கறி தோசை பொட்டலத்துக்குள் வேர்த்து நமத்துவிடுகிறது.